வற்றும் ஆற்றில் கங்கை டால்பின்

2025 மார்ச் 3 அன்று குஜராத்தின் கிர் காட்டுப் பகுதியில் கூடிய தேசியக் கானுயிர் வாரியக் கூட்டத்தில், இந்தியாவின் ஆற்று டால்பின்களைப் பற்றிய முதல் விரிவான கணக்கெடுப்பு அறிக்கை வெளியிடப்பட்டது. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகள், ஏறத்தாழ 8,500 கிலோமீட்டர் நீர்வழி என்று படகில் போய் எண்ணியதில் கிடைத்த மதிப்பீடு 6,327. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பிகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635, ஜார்க்கண்டில் 162, ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும் சேர்ந்து 95, பஞ்சாபில் 3. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் இருக்கும் அந்த மூன்றும் சிந்து டால்பின்கள். மற்றவை அனைத்தும் கங்கை டால்பின்கள். செய்தித்தாள்கள் மொத்த எண்ணைத் தலைப்பாக்கின. எந்த ஆற்றின் எந்தப் பகுதியில் இவ்விலங்கு இருக்கிறது, எங்கே இல்லாமல் போயிருக்கிறது என்பது அந்த மொத்த எண்ணைவிட அதிகம் சொல்லக்கூடியது. டால்பின் வாழும் இடங்களைக் கோடையில் நீர் ஓடும் இடங்களோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வலை, எண்ணெய்க்காகக் கொல்லுதல், கப்பல் இரைச்சல், கழிவு, மணல் அள்ளுதல் என்று இவ்விலங்கின் ஆபத்துகளைத் தனித்தனியாக எழுதுவது வழக்கம். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் ஆபத்து, நவம்பர் முதல் மே வரை ஆற்றில் போதிய நீர் ஓடாததுதான். நம்முடைய சட்டங்கள் டால்பினின் உடலுக்குக் காவல் நிற்கின்றன. அது நீந்தும் நீருக்குக் காவல் இல்லை. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

கங்கை டால்பினுக்கு என்ன தேவை என்பதை அதன் உடலமைப்பே காட்டிவிடுகிறது. கண் இருக்கிறது, ஆனால் அதில் வில்லை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று உணர்வதற்கு மேல் அதனால் பயனில்லை. வண்டல் கலங்கிய நீரில் பார்வைக்கு வேலையும் இல்லை. அதனால் இது ஓயாமல் ஒலித் துடிப்புகளை எழுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டே இரையையும் கரையையும் வலையையும் அறிகிறது. வளர்ந்த விலங்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். பெண் ஆணைவிடப் பெரியது. நம் கடற்கரை மீனவர்கள் ஓங்கில் என்று அழைக்கும் கடல் டால்பினைப் போல இதுவும் நுரையீரலால் சுவாசிப்பது. சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்தாக வேண்டும். இரண்டு ஆறுகள் கலக்கும் இடங்களிலும், ஆறு வளையும்போது வெளிக்கரையை அரித்து உண்டாக்கும் மடுக்களிலும், நீர் சுழன்று எதிர்த்துத் திரும்பும் சுழிகளிலும்தான் இது தங்குகிறது. அங்கே மீன் சேரும்; ஓட்டத்தோடு ஓயாமல் போராடவும் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கிளையாறுகளுக்குள் பரவிப் போகும். நீர் வடியும்போது பேராற்றின் மடுக்களுக்குத் திரும்பிவிடும். ஆண்டில் ஏழு மாதங்கள் அந்த மடுக்கள்தான் அதன் உலகம். மடுவில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் நிற்காவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. பருவமடையவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு மடுவில் பத்து டால்பின்கள் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை தேவைப்படும்.

பழைய பதிவுகள் இதன் வாழிடம் எவ்வளவு பரந்திருந்தது என்பதைக் காட்டுகின்றன. அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம் கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியலில் ‘கங்காபுபுதக’ என்ற ஒன்றைச் சேர்க்கிறது. அது இந்த டால்பின்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் முதல் கண்காணிப்பாளரான ஜான் ஆண்டர்சன் 1870களின் இறுதியில் இவ்விலங்கை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கங்கையின் கழிமுகத்திலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை இதைக் காணலாம் என்றும், ஆறு மிகத் தாழ்ந்து ஓடும் மே மாதத்திலும் யமுனையில் டெல்லி வரை இது இருந்தது என்றும் அவர் குறித்திருக்கிறார். மே மாதத்து டெல்லியில் டால்பின். இன்று டெல்லிக்குக் கீழே சம்பல் ஆறு வந்து கலக்கும் வரை, யமுனையில் கோடையில் ஓடுவதில் பெரும்பகுதி நகரத்துச் சாக்கடை நீர். இடையில் நடந்தவை எல்லாம் ஆவணங்களில் உள்ளன. ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. நரோராவில் கீழ் கங்கைக் கால்வாய் 1878இல் வந்தது. விடுதலைக்குப் பின் கோசி, கண்டக், சாரதா, காக்ரா என்று இமயத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெரிய ஆற்றின் குறுக்கிலும் கதவணைகள் எழுந்தன. 1975இல் ஃபராக்கா கதவணை இயங்கத் தொடங்கியது. கதவணை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஆற்றைத் துண்டாக்குகிறது. மேலே இருக்கும் டால்பின் கூட்டமும் கீழே இருக்கும் கூட்டமும் கலப்பதில்லை. இன்னொன்று, வறண்ட மாதங்களில் ஆற்று நீரைக் கால்வாய்க்குள் திருப்பிவிடுகிறது. இவ்விரண்டில் எது கொல்கிறது?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சிந்து ஆற்றிலிருந்து கிடைத்திருக்கிறது. சிந்து டால்பின் கங்கை டால்பினின் மிக நெருங்கிய உறவு. 2021இல்தான் இரண்டையும் தனித்தனி இனங்கள் என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். சிந்துவிலும் அதன் கிளையாறுகளிலும் கட்டப்பட்ட கதவணைகள் அதன் வாழிடத்தை 17 துண்டுகளாக்கின. ஜில் பிராலிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்துத் துண்டுகளில் டால்பின் அடியோடு அழிந்துவிட்டது, ஆறில் மிஞ்சியிருக்கிறது, ஒன்றின் நிலை உறுதியாகத் தெரியவில்லை. பழைய வாழிடத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. எந்தத் துண்டுகளில் அழிந்தது, ஏன் அழிந்தது என்று அவர்கள் பல காரணிகளை ஒப்பிட்டபோது முதன்மையாக நின்றது வறண்ட பருவத்து நீரோட்டக் குறைவு. பாசனத்துக்கு நீர் எடுக்கப்பட்டு ஆறு மெலிந்த துண்டுகளில் டால்பின் போயிற்று. நீர் நின்ற துண்டுகளில் பிழைத்தது. இன்று சிந்து டால்பின் மிக அடர்த்தியாக வாழ்வது குட்டு கதவணைக்கும் சுக்கூர் கதவணைக்கும் இடையில். சுக்கூர் கதவணை நீரைத் தேக்கி நிறுத்துவதால் அங்கே கோடையிலும் ஆழம் இருக்கிறது. 1974இல் சிந்து மாகாணம் அந்தப் பகுதியைக் காப்பிடமாக அறிவித்து வேட்டையையும் தடுத்தது. 1970களில் சில நூறுகூடத் தேறாது என்று அஞ்சப்பட்ட இனம், 2001இல் சுமார் 1,200 ஆகவும் 2017 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்தை நெருங்கியும் இருந்தது. கதவணையே டால்பினைக் காப்பாற்றியிருக்கிறதே என்று இதைக் காட்டி ஒருவர் வாதிடலாம். அந்த ஒரு துண்டைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்த உண்மை காட்டுவது நீரின் ஆழத்தைத்தான். அதே கதவணைக்குக் கீழே ஆறு படிப்படியாக மெலிந்து, கோட்ரி கதவணையைத் தாண்டியபின் ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கிறது.

இந்த அளவுகோலோடு கங்கைக்குத் திரும்பினால் 2025 அறிக்கையின் எண்கள் புரியத் தொடங்குகின்றன. ஹரித்வாருக்கும் பிஜ்னோருக்கும் இடையே டால்பின் அற்றுவிட்டது. பிஜ்னோர், நரோரா கதவணைகளுக்கிடையே சில பத்துகள் மட்டும் அடைபட்டிருக்கின்றன. நரோராவுக்குக் கீழே கான்பூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பகுதியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை; கங்கையின் நீர் மிகவும் இளைத்துப்போகும் பகுதி அது. பிரயாக்ராஜில் யமுனை வழியாகச் சம்பலின் நீர் வந்து சேர்ந்தபின் நிலைமை மாறுகிறது. பிகாரின் எல்லையை ஒட்டிக் காக்ராவும், பின்னர் கண்டக்கும், அதற்கும் கீழே கோசியும் வந்து கலக்க, ஆறு மீண்டும் ஆறாகிறது, டால்பினும் பெருகுகிறது. உத்தரப் பிரதேசமும் பிகாரும் சேர்ந்து நாட்டின் டால்பின்களில் நான்கில் மூன்று பங்கை வைத்திருப்பதற்கு இமயத்துத் துணையாறுகள் இன்னும் கொண்டுவரும் நீர்தான் முதல் காரணம். அப்படியானால் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத பிரம்மபுத்திராவில் ஏன் இத்தனை குறைவு என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, மணல் திட்டுகளுக்கிடையே விரைந்து, ஆண்டுக்காண்டு தடம் மாறி ஓடுவது. நிலையான மடுக்கள் அங்கே குறைவு. எண்ணெய்க்காகக் கொல்லும் வழக்கமும் அங்கே நீண்டகாலம் இருந்தது. நீர் இருந்தால் மட்டும் டால்பின் பெருகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நீர் இல்லாவிட்டால் மற்ற எந்த ஏற்பாடும் பலிக்காது என்கிறேன்.

இதற்கு எதிரான வலுவான வாதம் சீனாவின் யாங்சி ஆற்றிலிருந்து வருகிறது. பைஜி எனப்பட்ட யாங்சி டால்பினைத் தேடி 2006இன் இறுதியில் ஆறு வாரங்கள் நடந்த பயணத்தில் ஒன்றுகூடத் தென்படவில்லை. மறு ஆண்டு அந்த இனம் அநேகமாக அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வூஹானில் 22 ஆண்டுகள் தொட்டியில் வாழ்ந்த சீசீ என்ற ஆண் டால்பின் 2002இல் இறந்திருந்தது. யாங்சியில் நீருக்குக் குறைவில்லை. பதிவான பைஜி இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், எண்ணற்ற தூண்டில் முட்கள் கோத்து ஆற்றடியில் இழுக்கும் நீள்கயிறுகள். மறுபக்கம், 2021 ஜனவரி முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை வந்தது; அங்கே எஞ்சியிருக்கும் துடுப்பில்லாக் கடற்பன்றி 2017இல் 1,012 ஆக இருந்தது, 2022இல் 1,249 ஆயிற்று. ஆகவே கொல்வது மீன்பிடித் தொழில், நீரோட்டம் இரண்டாம்பட்சம் என்று வாதிட இடமிருக்கிறது. கங்கையிலும் டால்பின்கள் நேரடியாகச் சாவது பெரும்பாலும் நைலான் செவுள்வலைகளில் சிக்கித்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வலை எங்கே விரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நீர் வற்ற வற்ற மீன்கள் மடுவுக்குள் ஒடுங்குகின்றன. டால்பினும் அங்கேதான் ஒடுங்குகிறது. மீனவரும் வேறிடத்தில் பிழைப்பின்றி அதே மடுவில் வலை விரிக்கிறார். மழைக்காலத்தில் அகன்ற ஆற்றில் ஒருவரையொருவர் எட்டாமல் இருக்கும் மூன்று தரப்பும் மார்ச்சில் ஒரே குழிக்குள் நெருக்கப்படுகிறார்கள். யாங்சி அளவுக்கு நீருள்ள ஆற்றிலேயே வலையும் தூண்டிலும் ஓரினத்தை முடித்துவிட்டன என்றால், பாதி வற்றிய ஆற்றில் அவற்றின் வேகம் எவ்வளவு இருக்கும்?

மீனவரைக் குற்றவாளியாக நிறுத்துவதில் இன்னொரு பிழையும் உண்டு. பாகல்பூர் மாவட்டத்தில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை அமைந்த விக்ரமசீலா டால்பின் சரணாலயம் 1991இல் அறிவிக்கப்பட்டது. அதே நீர்ப்பரப்பில், ஆற்றுக்கே ஜமீன் கொண்டாடி மீனவரிடம் வரி பிடுங்கிய முறைக்கு எதிராக 1982 முதல் கங்கை விடுதலை இயக்கம் போராடியது. அதன் வெற்றியாகப் பாரம்பரிய மீனவருக்குக் கட்டணமற்ற மீன்பிடி உரிமை கிடைத்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். தலைமுறைகளாகக் காத்திருந்து பெற்ற உரிமையும் டால்பினின் உரிமையும் ஒரே ஆற்றில் ஒரே நேரத்தில் எழுதப்பட்டன. இரண்டையும் மோதவிடுவதற்கு முன், மீனவரின் மீன் எங்கே போயிற்று என்று கேட்பது முறை. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் இல்சா மீன் ஃபராக்காவில் தடுக்கப்பட்டபின் பிகாரின் வலைகளில் அது அரிதாயிற்று. பெரிய கெண்டைகள் குறைந்தன. கண்ணி சிறிய வலைகளும் கொசுவலைத் துணியும் வந்தது அந்த வறுமையில்தான். டால்பின் எண்ணெயைத் தெளித்துக் கெளுத்தி வகை மீன்களை வரவழைக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்னா பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. சின்ஹா, மீன் கழிவிலிருந்து காய்ச்சிய எண்ணெயும் அதே வேலையைச் செய்யும் என்று காட்டினார். மாற்று கிடைத்தால் மீனவர் ஏற்கிறார் என்பதற்கு அது சான்று. ஆற்றில் மீன் இருக்கும்படி செய்யாமல் தடை மட்டும் போட்டால், அது தடையாக மட்டுமே இருக்கும்.

கப்பல் போக்குவரத்தும் இதே கணக்கில்தான் வருகிறது. ஹால்தியா முதல் பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் நீளும் முதலாம் தேசிய நீர்வழி 1986இல் அறிவிக்கப்பட்டது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் ஜல் மார்க் விகாஸ் திட்டம் அதைப் பெரிய சரக்குக் கப்பல்களுக்கு ஏற்ப ஆழப்படுத்துகிறது. விக்ரமசீலா சரணாலயம் முழுவதும் இந்த நீர்வழிக்குள் அடங்குகிறது. லாரிகளைவிட நீர்வழி எரிபொருளை மிச்சப்படுத்தும், அதனால் சூழலுக்கு நல்லது என்று சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. நீர் நிறைந்த ஆற்றில் அது ஏற்கத்தக்க வாதம். வற்றிய ஆற்றில் கப்பலுக்கு ஆழம் தர ஆற்றடியைத் தூர்வார வேண்டும். தூர்வாரும் எந்திரம் மடுவின் அமைப்பையும், அடிமண்ணில் முட்டையிடும் மீன்களையும், அவற்றின் உணவையும் கலைக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு பிகாரில் கங்கை டால்பின்களின் ஒலிகளையும் கப்பல் இரைச்சலையும் பதிவுசெய்து ஒப்பிட்டது. இரைச்சலும் ஆழக்குறைவும் சேரும்போது டால்பின் தன் ஒலியை மாற்றிக்கொண்டு, இரை தேட மிகுந்த ஆற்றலைச் செலவிட நேர்கிறது என்பது அதன் முடிவு. பார்வையற்ற விலங்குக்கு இரைச்சல் என்பது நம் கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம். ஆழமான நீரில் அது விலகிப் போக இடமிருக்கும். ஆழம் குறைந்த நீரில் கப்பல் போகும் தடமும் டால்பின் தங்கும் தடமும் ஒன்றே.

கழிவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கான்பூரின் தோல் பதனிடும் ஆலைகளும் ஆற்றங்கரை நகரங்களின் சாக்கடையும் ஊரறிந்தவை. நீர் குறைந்தால் அதே கழிவு அடர்த்தியாகும், அவ்வளவே. மணல் அள்ளுவது அசாமின் குல்சி போன்ற சிற்றாறுகளில் மடுக்களையே இல்லாமல் ஆக்குகிறது. நீர்மின் திட்டங்கள் வேறு வகைத் தொல்லை தருகின்றன: சுபன்சிரியில் எழுந்துள்ள 2,000 மெகாவாட் திட்டம் போன்றவை மின் தேவை கூடும் நேரத்தில் நீரைத் திறந்து மற்ற நேரத்தில் அடக்கினால், ஒரே நாளில் ஆறு ஏறி இறங்கும், நாள் சராசரி சரியாக இருந்தாலும் மடுவில் கிடக்கும் விலங்குக்கு அந்தச் சராசரியால் பயனில்லை. வெப்பம் இவற்றோடு சேரும்போது என்ன ஆகும் என்பதை அமேசான் காட்டிவிட்டது. 2023 செப்டம்பரிலும் அக்டோபரிலும் பிரேசிலின் தெஃபே ஏரி வறட்சியில் சுருங்கி, நீரின் வெப்பம் 39 பாகைக்கு மேல் ஏறியபோது, சில வாரங்களில் 150க்கும் மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்து மிதந்தன. அவற்றை யாரும் வேட்டையாடவில்லை, எந்த வலையும் கொல்லவில்லை.

எண்ணிக்கை கூடிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. 2025க்கு முன்பு இந்தியாவில் 2,500 முதல் 3,500 வரை என்றே எழுதப்பட்டு வந்தது. 6,327 அதைவிடப் பெரிய எண். ஆனால் பழைய மதிப்பீடுகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில், எல்லா ஆறுகளையும் தொடாமல் எடுக்கப்பட்ட எண்ணிக்கைகளைக் கூட்டியவை. புதிய கணக்கெடுப்பு பரந்தது, நேர்த்தியானது. அதனால்தான் அதை ஒரு தொடக்கப் புள்ளியாகக் கொள்ள வேண்டும். இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்துவிட்டு வளர்ந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த கணக்கெடுப்பு இதே முறையில் நடந்தபின்தான் கூடியதா குறைந்ததா என்று பேசலாம். உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இவ்விலங்கு 1996 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே நீடிக்கிறது. ஆண்டர்சன் பார்த்த டெல்லி யமுனையிலும், நரோராவுக்குக் கீழான கங்கையிலும் ஏற்பட்ட வெறுமையை எந்த மொத்த எண்ணும் நிரப்பிவிடாது.

சட்டத்தின் பக்கம் குறை சொல்ல அதிகம் இல்லை. 1972 கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது புலிக்கு இணையாக இருக்கிறது. 2009 அக்டோபர் 5 அன்று தேசிய நீர்வாழ் விலங்காக்க முடிவு செய்யப்பட்டது. 2020 சுதந்திர தினத்தில் டால்பின் திட்டம் அறிவிக்கப்பட்டது. இத்தனையும் இருக்க, 2020இன் கடைசி நாளில் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கட் மாவட்டத்தில் ஒரு டால்பினைச் சிலர் கோடரியாலும் தடியாலும் அடித்துக் கொன்றார்கள். காணொளி பரவியது, கைது நடந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. அந்த டால்பின் செத்துக் கிடந்த இடம் சாரதா பாசனக் கால்வாய். ஆற்றில் இருக்க வேண்டிய விலங்கு கால்வாய்க்குள் எப்படி வந்தது என்பதை எந்த வழக்கும் விசாரிக்காது. கதவணையில் நீர் திரும்பும் திசையில் மீனும் டால்பினும் திரும்புகின்றன. கால்வாயை மூடும்போது சிக்கிக்கொள்கின்றன. சிந்து மாகாணத்தில் ஜனவரியில் பராமரிப்புக்காகக் கால்வாய் மூடப்படும்போதெல்லாம் சிக்கிய டால்பின்களைப் பிடித்து ஆற்றில் விடுவது 1990களிலிருந்தே வாடிக்கையான வேலை. கால்வாய்த் தலைப்பில் தடுப்பு வலையோ, விலங்குகளை விரட்டும் ஒலிக்கருவியோ வைப்பது பெரிய செலவும் இல்லை.

நீருக்கான சட்டம் ஒன்று வந்தது, குறைபாடுகளோடு. கங்கையில் குறைந்தபட்ச நீர் ஓட வேண்டும் என்று கோரி 111 நாள் உண்ணாவிரதம் இருந்த ஜி.டி. அகர்வால் 2018 அக்டோபர் 11 அன்று உயிர்விட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு மத்திய அரசு அறிவிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தது. அதன்படி மழைக்காலம் அல்லாத மாதங்களில் ஹரித்வாரின் பீம்கோடாவுக்குக் கீழே வினாடிக்கு 36 கன மீட்டரும், பிஜ்னோர், நரோரா, கான்பூர் ஆகிய கதவணைகளுக்குக் கீழே 24 கன மீட்டரும் விட வேண்டும். மேட்டூர் நீர்த்திறப்புச் செய்தியில் நாம் படித்துப் பழகிய அளவில் சொன்னால், 24 கன மீட்டர் சுமார் 850 கன அடி. ஹரித்வாரில் பிரியும் மேல் கங்கைக் கால்வாய் மட்டும் பத்தாயிரம் கன அடிக்கு மேல் கொள்ளக்கூடியது. கங்கை அளவு அகலமான படுகையில் 850 கன அடி ஒரு மெல்லிய ஓடையாக நகரும்; மடுவில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தை நிறுத்த அது போதாது. மேலும் அந்த அறிவிக்கை கான்பூரை அடுத்த உன்னாவோடு நின்றுவிடுகிறது. டால்பின்களில் பெரும்பகுதி வாழும் கீழ்ப்பகுதியையும், அவற்றுக்கு நீர் தரும் காக்ரா, கண்டக், கோசி, சோன், சம்பல் ஆறுகளையும் அது தொடவே இல்லை.

இங்கே எழும் எதிர்வாதம்தான் மிகக் கனமானது: கோடிக்கணக்கான விவசாயிகளின் சோற்றுக்கு எதிராக ஒரு விலங்கின் நீரைக் கேட்கலாமா? காவிரிப் பாசனத்தை நம்பி வாழும் மக்களைக் கொண்ட நம் மாநிலத்தில் யாரும் இந்தக் கேள்வியை இலேசாக ஒதுக்க மாட்டார்கள். ஆனால் கேட்கப்படுவது கதவணைகளை இடிக்க வேண்டும் என்பதில்லை. வறண்ட மாதங்களின் நீரில் ஆற்றுக்கு என்று ஒரு பங்கு முதலில் ஒதுக்கப்பட வேண்டும் என்பது. அந்தப் பங்கு வீணாவதும் இல்லை. கோடையில் சமவெளிக் கங்கைக்கு வரும் நீரில் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்து ஊறி வருவது; ஆற்றங்கரை ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் அந்த ஊற்றையே உறிஞ்சுகின்றன; ஆறு செத்தால் கிணறும் செத்துவிடும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கால்வாய் நீரின் பெரும் பயனாளி கரும்பு. வாய்க்கால் ஓரம் கசிந்து போகும் நீரையும், வயலில் தேங்கி ஆவியாகும் நீரையும் மிச்சம் பிடித்தால் ஆற்றுக்குப் பங்கு கொடுப்பது இயலாத காரியம் ஆகாது. நீரைக் காக்கச் சட்டத்தால் பயிர்க் காலத்தையே மாற்ற முடியும் என்பதற்குப் பஞ்சாப் சான்று: நிலத்தடி நீரைக் காக்க, நெல் நடவைத் தள்ளிவைக்கும் சட்டத்தை அந்த மாநிலம் 2009இல் இயற்றியது. நெல்லுக்குக் காலம் குறிக்க முடிந்த அரசுகளுக்குக் கதவணைக்கு அளவு குறிக்கவும் முடியும்.

தமிழ் வாசகருக்கு இந்த விஷயத்தில் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. கங்கையைக் காவிரியோடு இணைப்பது நம் நெடுநாள் கனவு. பாரதி காலத்திலிருந்தே நம் மேடைகளில் ஒலிப்பது. 1972இல் அப்போதைய மத்திய நீர்ப்பாசன அமைச்சர் கே.எல். ராவ் வகுத்த திட்டம், பாட்னாவுக்கு அருகே ஆண்டில் 150 நாட்கள் வினாடிக்கு 60,000 கன அடி எடுப்பதாக இருந்தது. பாட்னாதான் கங்கை டால்பினின் இன்றைய நெஞ்சுப் பகுதி. வெள்ளக் காலத்து உபரியைத்தானே எடுக்கிறோம், கோடை நீரில் கைவைக்கவில்லையே என்று சொல்லப்படும். வெள்ளம் ஆற்றுக்கு உபரி ஆகாது. மடுவைத் தோண்டுவது வெள்ளம், வண்டலைப் பரப்புவது வெள்ளம், மீன்களை முட்டையிடத் தூண்டிச் சமவெளிக் குட்டைகளுக்குள் அனுப்புவது வெள்ளம். அதைக் குறைத்தால் கோடையில் டால்பின் ஒதுங்கும் மடுவும், அங்கே அது தின்னும் மீனும் குறையும். கோசியையும் மேச்சியையும் இணைக்கும் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கங்கைக்கு நீர் தரும் பல துணையாறுகள் இப்படித் திட்டப் பட்டியலில் இருக்கின்றன. காவிரியின் தாகம் உண்மையானது. அதைத் தணிக்க இன்னோர் ஆற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கிடும்போது, அந்த ஆற்றுக்கே தேவையானதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதே நேர்மை. இன்றுவரை அப்படிக் கழிக்கப்படவில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு முன்னால் இருக்கிறது. இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பரில் செய்துகொண்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம், ஃபராக்காவுக்கு வரும் நீரை ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து நாள் பத்து நாளாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிடுகிறது. டால்பினின் உயிர் ஊசலாடும் ஏழு மாதங்களில் ஐந்து இவை. 70,000 கன அடிக்குக் குறைந்தால் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் என்றால் இன்னின்னாருக்கு இவ்வளவு என்று நுணுக்கமாக எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தில், ஆற்றுக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் என்று ஒரு கன அடியும் தனியாக ஒதுக்கப்படவில்லை. அதன் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிவடைகிறது. புதிய ஒப்பந்தத்தில் மூன்றாவது பங்காளியாக ஆற்றின் பெயர் எழுதப்பட வேண்டும். 2018 அறிவிக்கை பிரயாக்ராஜ், பாட்னா, ஃபராக்கா வரையிலும், துணையாறுகளின் கதவணைகள் வரையிலும் நீட்டப்பட வேண்டும். விடவேண்டிய அளவை மடுவின் ஆழத்தைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். அன்றாடம் விட்ட நீரின் அளவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நதிநீர் பற்றி நம்மிடம் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தெந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், ஆற்றுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.